கற்பூரக் கரியும் நம் மொட்டை மாடியும்

(நமது சங்கத்தின் மாதாந்திர மாலைச் சந்திப்பில், சி பிளாக்கில் வசிக்கும் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி பேசியது. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, அவரே பார்த்துத் திருத்திக் கொடுத்த வடிவம் இது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக வெளியிடுகிறோம்.)



முதலில் நம் செயலாளர் அங்கிளுக்கு நன்றி. மூன்று வாரத்துக்கு முன் லிப்டில் அவரைப் பார்த்தேன். "நீ நானோதானே படிக்கிறாய்? மொட்டை மாடிக்கு நானோ பூச்சு அடிக்கலாம் என்று ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது. கார்பன் நானோ டியூப் கலந்தது என்கிறார்கள். அது நிஜமா, கதையா?" என்று கேட்டார். தரைத்தளம் வந்துவிட்டது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "தெரியவில்லை அங்கிள், ஆனால் தெரிந்துகொள்வது எப்படி என்று சொல்கிறேன்" என்றேன். "அப்படியானால் அதைக் கூட்டத்தில் வந்து சொல்" என்று மாட்டிவிட்டார்.

இங்கே எட்டாம் வகுப்புத் தம்பிகளும் இருக்கிறார்கள், ரயில்வேயில் ஓய்வுபெற்ற பொறியாளர் தாத்தாக்களும் இருக்கிறார்கள். அதனால் சூத்திரம் எதுவும் போடப் போவதில்லை. நான் இதை எப்படிப் படித்தேன், எங்கே தப்பு செய்தேன் என்பதைச் சொல்கிறேன். கடைசியில் மொட்டை மாடிக்கு வருகிறேன்.

நானோ என்றால் எவ்வளவு சிறியது?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். இப்படிச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எனக்கும் புரியவில்லை. எங்கள் பேராசிரியர் வேறு விதமாகச் சொன்னார். நம் கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், நொடிக்கு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் நகம் ஒன்றிரண்டு நானோமீட்டர் வளர்ந்துவிட்டது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். நான் பேசப் போகும் கார்பன் நானோ குழாயில் மெல்லிய வகை சுமார் ஒரு நானோமீட்டர் விட்டம் உடையது. 80,000 குழாய்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினால்தான் ஒரு முடியின் அகலம் வரும்.

இந்த அளவில் வேலை செய்யலாம் என்ற எண்ணத்தைப் பேச்சாக முன்வைத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் பெயின்மன். 1959 டிசம்பர் 29 அன்று கால்டெக்கில் பேசினார். அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவதை இயற்பியல் விதி எதுவும் தடுக்கவில்லை என்பது அவர் வாதம். "நானோ தொழில்நுட்பம்" என்ற சொல்லை 1974-இல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தானிகுச்சி பயன்படுத்தினார். நான் இந்தப் பாடத்தை எடுத்தபோது என் அப்பாவுக்கு நானோ என்றால் டாட்டாவின் சின்ன கார்தான். "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இன்றைக்கும் அந்தக் கேள்வி முடியவில்லை. முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கார்பன்: ஒரே ஆள், பல வேஷம்

பென்சிலில் இருப்பது கிராபைட். அதுவும் கார்பன்தான், வைரமும் கார்பன்தான், அடுப்புக்கரியும் கார்பன்தான். அணு ஒன்றே, அவை கைகோத்து நிற்கும் விதம்தான் வேறு. கிராபைட்டில் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாக, தேன்கூடு போல, தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கும். பென்சிலால் எழுதும்போது அந்தத் தாள்கள்தான் வழுக்கிக் காகிதத்தில் ஒட்டுகின்றன.

அந்தத் தாளில் ஒன்றே ஒன்றை எடுத்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, இரண்டு ஓரங்களையும் தையல் தெரியாமல் சேர்த்தால் கிடைப்பது கார்பன் நானோ குழாய். இது மனத்தில் நினைத்துப் பார்ப்பதற்கான வழி. உண்மையில் யாரும் தாளை உட்கார்ந்து சுருட்டுவதில்லை. குழாய் தானாகவே குழாயாக வளர்கிறது. ஒரே சுவர் கொண்டதும் உண்டு; ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் கொண்டதும் உண்டு.

இதில் நான் வாயைப் பிளந்த இடம் ஒன்று உண்டு. கட்டம் போட்ட துணியில் சட்டை தைக்கும்போது டெய்லர் என்ன செய்வார்? கையைச் சுருட்டித் தைக்கும்போது கட்டமும் கட்டமும் சரியாகச் சேர வேண்டும். நேராகச் சுருட்டிச் சேர்க்கலாம். கொஞ்சம் சாய்த்துச் சுருட்டினாலும் சில சாய்வுகளில் கட்டங்கள் சேரும். நானோ குழாயும் அப்படித்தான். எந்தச் சாய்வில் சுருண்டிருக்கிறது என்பதை இரண்டு முழு எண்களால் குறிக்கிறார்கள். அந்த இரண்டு எண்களின் வித்தியாசம் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் குழாய் உலோகம் போல மின்சாரம் கடத்தும். வகுபடவில்லை என்றால் அது குறைகடத்தி, அதாவது கணினிச் சில்லில் இருக்கும் சிலிக்கான் போல. அதே கார்பன், அதே அறுகோணம். சுருட்டும் சாய்வு மாறினால் பொருளின் குணமே மாறுகிறது. மூன்றால் வகுக்கும் கணக்கை நாம் நான்காம் வகுப்பில் படிக்கிறோம். அது ஒரு பொருள் செம்புக் கம்பி போல நடக்குமா, சிலிக்கான் போல நடக்குமா என்று தீர்மானிக்கிறது என்றால் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

யார் கண்டுபிடித்தார்கள்?

1985-இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்து போல் உருண்டு நிற்கும் மூலக்கூறைக் கண்டார்கள். 1996-இல் அதற்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பந்துகளைத் தயாரிக்க இரண்டு கார்பன் கம்பிகளுக்கு இடையே மின்பொறி விடுவார்கள். பந்து இருக்கும் புகைக்கரியைத்தான் எல்லோரும் சேகரித்தார்கள். ஜப்பானில் சுமியோ இஜிமா, கம்பியின் முனையில் கெட்டியாகப் படிந்திருந்த கரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஊசி ஊசியாகக் குழாய்கள் இருந்தன. அது 1991. இரண்டு ஆண்டு கழித்து, ஒரே சுவர் கொண்ட குழாயை அவர் குழுவும் அமெரிக்காவில் ஐ.பி.எம். குழுவும் தனித்தனியாகக் கண்டு ஒரே சமயத்தில் வெளியிட்டன.

அத்தோடு கதை முடியவில்லை. 1952-இலேயே ரஷ்யர்களான ராதுஷ்கேவிச், லுக்யானோவிச் இருவரும் உள்ளே வெற்றிடம் கொண்ட கார்பன் இழைகளின் படத்தை ரஷ்ய மொழி ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டிருந்தார்கள். பனிப்போர்க் காலம், வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை. அதனால் யார் முதலில் என்ற கேள்விக்கு எங்கள் தேர்வில் ஒரு வரியில் பதில் எழுத முடியாது. "1991-க்குப் பிறகுதான் உலகம் கவனித்தது" என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

என்னுடைய கற்பூரக் கதை

இனி என் கதை. எம்.எஸ்சி. இறுதியாண்டில் ஒரு ஆய்வுத் திட்டம் செய்ய வேண்டும். நான் எடுத்தது, கற்பூரத்திலிருந்து நானோ குழாய் வளர்ப்பது. இது என் யோசனை இல்லை. ஜப்பானில் நகோயாவில் உள்ள மெய்ஜோ பல்கலைக்கழகத்தில் முகுல் குமார், யோஷினோரி ஆண்டோ ஆகிய இருவரும் கற்பூரத்தை வைத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள். கற்பூர மூலக்கூறு ஒன்றில் பத்து கார்பன் அணுக்கள் இருக்கின்றன. விலை குறைவு, எளிதில் ஆவியாகும். பாட்டியிடம் சொன்னபோது, "சாமிக்குக் காட்டுகிறதை வைத்துப் பரீட்சை எழுதுகிறாயா?" என்று சிரித்தார்.

முறை இதுதான். நீளமான குவார்ட்ஸ் குழாய் ஒன்று மின் உலைக்குள் படுத்திருக்கும். ஒரு முனையில் கற்பூரமும், இரும்பு அணு கொண்ட பெரோசீன் என்ற பொடியும் இருக்கும். அவற்றை மெல்லச் சூடாக்கி ஆவியாக்கி, ஆர்கான் வாயுவின் ஓட்டத்தில் உலையின் நடுப்பகுதிக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஏறத்தாழ 850 டிகிரி சூடு. பெரோசீன் உடைந்து நுண்ணிய இரும்புத் துகள்கள் உண்டாகும். கற்பூரம் உடைந்து வரும் கார்பன் அந்த இரும்புத் துகளில் கரைந்து, நிரம்பி, பிறகு வெளியே குழாயாக வளரும். காற்று கொஞ்சமும் உள்ளே வரக் கூடாது. வந்தால் எல்லாம் எரிந்துபோகும்.

முதல் முறை உலையை அணைத்து, ஆற விட்டு, மறுநாள் திறந்தபோது குழாய் முழுக்கக் கன்னங்கரேல் என்று பொடி. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு போன் பண்ணி, "வந்துவிட்டது" என்றேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பா இனிப்புப் படம் போட்டார். இங்கே சிலருக்கு நினைவிருக்கலாம், பி பிளாக் ஆன்ட்டி எனக்கு மைசூர்பாகு கொடுத்தனுப்பினார்.

வந்தது வெறும் கரி.

அது எப்படித் தெரிந்தது? இராமன் நிறமாலை என்று ஒரு சோதனை உண்டு. திருச்சியில் பிறந்து, நம் மாநிலக் கல்லூரியில் படித்த அதே சி.வி. இராமன்தான். 1928-இல் அவர் கண்டது, 1930-இல் நோபல் பரிசு பெற்றது. ஒரு பொருள்மேல் லேசர் ஒளியை விட்டால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வரும். அந்த மாற்றம், பொருளுக்குள் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று சொல்லும். கார்பனுக்கு இரண்டு முகடுகள் முக்கியமானவை. ஒன்று அறுகோணங்கள் ஒழுங்காக இருப்பதைச் சொல்வது. மற்றது ஒழுங்கு கெட்டிருப்பதைச் சொல்வது. நல்ல குழாய் என்றால் முதல் முகடு ஒடுங்கி உயர்ந்து நிற்கும். என் பொடிக்கு இரண்டு முகடுகளும் அகன்று, ஒன்றோடொன்று கலந்து, இரண்டு மணல் மேடு போல இருந்தன. கற்பூரத் தட்டின் அடியில் படிகிற கரிக்கும் என் பொடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்து ஐந்து முறை செய்தேன். வெப்பத்தை மாற்றினேன், பெரோசீன் அளவை மாற்றினேன், வாயு வேகத்தை மாற்றினேன். கரி, கரி, கரி. இதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. அறிக்கை கொடுக்க ஐந்து வாரம்தான் இருந்தது.

ஆறாவது மாதிரியை வேறு ஒரு நிறுவனத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க இரண்டு மணி நேரம் கிடைத்தது. ஏறத்தாழ நாற்பது படம் எடுத்தோம். எல்லாம் குப்பைமேடு. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில், வளைந்து நெளிந்து, அழகான ஒரு குழாய் தெரிந்தது. சந்தேகமே இல்லை, குழாய்தான்.

அப்போது என் கூட இருந்த ஒருவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். "அந்த ஓரத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி அறிக்கையில் போட்டுவிடு. பொய் ஒன்றும் இல்லையே, குழாய் இருக்கிறதே!" என்றார்.

உண்மைதான், பொய் இல்லை. படம் நிஜம், குழாய் நிஜம். அன்றிரவு அந்தப் படத்தை வெட்டி, எழுத்துப் போட்டு, அறிக்கையில் ஒட்டியும் பார்த்தேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஆனால் அதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? பொடி முழுவதும் இப்படித்தான் என்று நினைப்பார். நாற்பதில் ஒன்று என்று எங்கேயும் எழுதவில்லையே. மைசூர்பாகு சாப்பிட்டவர்கள் முகம் நினைவுக்கு வந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் என் வழிகாட்டி மேடத்திடம் நாற்பது படங்களையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பொடியை எந்த இடத்திலிருந்து சுரண்டி எடுத்தாய்?"

குழாயின் வெளி முனையிலிருந்துதான் எடுத்திருந்தேன். அங்கேதான் பொடி அதிகமாகக் குவிந்திருக்கும், எடுக்கவும் சுலபம். ஆனால் அது உலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளிர்ந்த பகுதி. எரியாத, பாதி உடைந்த கற்பூரக் கரி எல்லாம் அங்கேதான் படியும். நானோ குழாய் வளர்வது நடுவில், சூடான சுவரில். அங்கே மெல்லிய படலமாக ஒட்டியிருந்ததை நான் ஒவ்வொரு முறையும் "அழுக்கு" என்று கழுவிவிட்டிருக்கிறேன். ஆறு முறை!

ஏழாவது முறை நடுவிலிருந்து எடுத்தோம். இராமன் முகடு ஒடுங்கி வந்தது. நுண்ணோக்கியில் நூல்கண்டு அவிழ்ந்து கிடப்பது போல் பல சுவர்க் குழாய்கள் இருந்தன. உலகத் தரம் எல்லாம் இல்லை. இடையிடையே இரும்பும் கரியும் கலந்துதான் இருந்தன. அறிக்கையில் ஆறு தோல்விகளையும் எழுதினேன், காரணத்தையும் எழுதினேன். அந்த ஓரத்துப் படத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தால், மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். நான் இன்றைக்கும் நல்ல பொடியைக் கழுவிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இதனால் நமக்கு என்ன பயன்?

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நானோ குழாய் எஃகைவிட வலிமையானது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். சரிதான். 2000-இல் வெளியான அளவீடு ஒன்றில், தனித்தனிப் பல சுவர்க் குழாய்களின் இழுவிசை வலிமை 11 முதல் 63 கிகாபாஸ்கல் வரை இருந்தது. நல்ல எஃகுக் கம்பிக்கு 2 கிகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். எடையும் எஃகில் கால் பங்கு அளவே. ஆனால் இது நுண்ணோக்கிக்குள் இருக்கும் ஒற்றைக் குழாய்க்கான கணக்கு. லட்சக்கணக்கான குழாய்களைச் சேர்த்து நூலாகத் திரித்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வலிமை சில கிகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும். வானத்துக்கு லிப்ட் கட்டலாம் என்று செய்தி படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் லிப்டே மாதம் ஒருமுறை நிற்கிறது.

கணினியிலும் அப்படித்தான். 1998-இல் ஒற்றைக் குழாயால் டிரான்சிஸ்டர் செய்து காட்டினார்கள். 2013-இல் ஸ்டான்போர்டில் 178 டிரான்சிஸ்டர் கொண்ட ஒரு சிறு கணினி. 2019-இல் எம்.ஐ.டி.யில் 14,000-க்கும் அதிகமான டிரான்சிஸ்டர் கொண்ட சில்லு. நம் கையில் இருக்கும் நல்ல போனில் ஆயிரம் கோடிக்கும் மேல் இருக்கிறது. எங்கே சிக்கல் என்றால், வளர்க்கும்போது உலோகக் குழாயும் குறைகடத்திக் குழாயும் கலந்தே வருகின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒன்று உலோகம். நான் சொன்னேனே, மூன்றால் வகுபடும் கணக்கு, அதே கணக்குதான். அரிசியில் கல் பொறுக்குவது போல அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

பயன்படவே இல்லையா என்றால், பயன்படுகிறது. மின்சார வாகன பேட்டரிகள் சிலவற்றில் மின்முனைக்குள் மின்சாரம் நன்றாக ஓடுவதற்காகச் சிறிதளவு நானோ குழாய் சேர்க்கிறார்கள். ஒளியை ஏறத்தாழ முழுவதும் விழுங்கும் வான்டாபிளாக் என்ற கறுப்புப் பூச்சு 2014-இல் வந்தது. அதன் முதல் வடிவம் காடு போல் நிமிர்ந்து நிற்கும் நானோ குழாய்தான். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு, வெள்ளி நானோ துகள்களால் குடிநீரில் இருக்கும் பூச்சிமருந்தை நீக்கும் முறையைக் கண்டு, அது வடிகட்டியாகக் கடைக்கும் வந்தது. ஆக, நானோ என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை.

நம் ஊர்க் கதையும் ஒன்று சொல்ல வேண்டும். 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள், 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாய் இருப்பதாக எழுதினார்கள். அந்த வகை வாள்களுக்கு எஃகு போனது இந்தியாவிலிருந்து. அதை ஆங்கிலத்தில் "ஊட்ஸ்" என்பார்கள். நம் "உருக்கு", கன்னடத்து "உக்கு" என்ற சொல்தான் அப்படி ஆனது என்பது பரவலான கருத்து. 2020-இல் வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள், கீழடிப் பானை ஓட்டின் கறுப்புப் பூச்சிலும் நானோ குழாய் இருப்பதாக வெளியிட்டார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டுப் பானை. பெருமையான செய்திதான். ஆனால் "தமிழன் அன்றே நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தான்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அப்படியே அனுப்பாதீர்கள். கார்பனும் இரும்பும் நெருப்பும் சேரும் இடத்தில் குழாய் தானாகவும் வளரும். என் உலையில் நான் கவனிக்காமலே வளர்ந்ததைப் போல. அந்தக் குயவருக்குத் தெரிந்தது வேறு: எந்தச் சூட்டில், எந்தப் புகையில் சுட்டால் பூச்சு உரியாது என்ற கைப்பக்குவம். 2,600 ஆண்டு உரியாமல் இருந்திருக்கிறது. அதுவே போதுமான பெருமை.

ஒரு எச்சரிக்கை

அம்மாவுக்கு என் படிப்பில் ஒரே கவலை, "அந்தத் தூசி உடம்புக்கு ஆகுமா?" என்பது. நியாயமான கவலை. நீளமான, விறைப்பான பல சுவர்க் குழாய்கள் எலிகளின் உடலுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இழை போலவே அழற்சி உண்டாக்குகின்றன என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2014-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ஒரு குறிப்பிட்ட வகைப் பல சுவர்க் குழாயை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளுக்குப் போதிய சான்று இல்லை என்றது. அதனால் நாங்கள் முகக்கவசம், கையுறை போட்டு, காற்றை இழுக்கும் பெட்டிக்குள் வைத்துத்தான் பொடியைத் தொடுவோம். பிளாஸ்டிக்கிலோ பேட்டரிக்குள்ளோ அடைபட்டிருக்கும் குழாய் அவ்வளவு பயமில்லை. மூச்சில் போகும் பொடிதான் ஆபத்து.

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. பின்பக்க சைக்கிள் ஷெட்டின் பழைய கூரையை மாற்றப் போவதாகச் சொன்னார்கள். அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தயவுசெய்து உடைத்துப் போடச் சொல்லாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசு முழுசாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள். வேலை செய்பவர்களுக்கு நல்ல முகக்கவசம் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் அன்று அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது மொட்டை மாடி

பூச்சு விற்க வந்தவர் ஓட்டின்மேல் தண்ணீர் விட்டு, அது முத்துப் போல உருண்டு ஓடுவதைக் காட்டினாராம். அந்த வித்தை நிஜம். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்கிறோமே, அதேதான். இலையின் மேல் நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும் இருப்பதால் நீர்த்துளி ஒட்டுவதில்லை. அதைப் போலச் செய்த பூச்சுகள் உண்டு.

ஆனால் நம் கூரையின் நோய் அதுவா? மேல்மாடி ஆன்ட்டி வீட்டுப் படுக்கையறையில் ஒழுகுவதற்குக் காரணம் தளத்தில் இருக்கும் விரிசல். அரை மில்லிமீட்டர் விரிசல் என்றால் 5 லட்சம் நானோமீட்டர். நானோ துகளுக்கு அது மகாசமுத்திரம். துளி உருண்டு ஓடுவது ஒன்று. வெயிலிலும் மழையிலும் அகலம் மாறிக்கொண்டே இருக்கும் விரிசலை மூடி நிற்பது வேறு. பூச்சுக்குள் நானோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த ஓடு, அவருடைய நாற்பதில் ஒரு படம். மீதி முப்பத்தொன்பதையும் நாம் கேட்க வேண்டும்.

அதனால் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் நான்கே. ஒன்று, பூச்சில் என்ன கலந்திருக்கிறது, எத்தனை சதவீதம் என்று எழுத்தில் தருவாரா? இரண்டு, விரிசல் மேல் நீட்சி தாங்கும் சோதனையை வெளி ஆய்வகத்தில் செய்த சான்று உண்டா? மூன்று, ஒரு முழு மழைக்காலம் கண்ட வேறு கட்டடத்தை நாம் நேரில் போய்ப் பார்க்கலாமா? நான்கு, மாடியின் ஒரு மூலையில் மட்டும் விரிசலை அடைத்துப் பூச்சு அடித்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திக் காட்டுவாரா? இந்த நான்குக்கும் நல்ல பதில் வந்தால், பெயர் நானோவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கலாம். வராவிட்டால், நம் பொறியாளர் தாத்தா சொல்வது போல, விரிசலை வெட்டித் திறந்து அடைத்து, சரிவைச் சீர் செய்து, பழைய முறைப்படி செய்வதே நல்லது. நாம் சேர்த்து வைத்திருக்கும் நிதியை ஒருமுறைதான் செலவழிக்க முடியும். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. சோதித்துப் பார்க்க நேரம் இருக்கிறது.

கடைசியாகத் தம்பி தங்கைகளுக்கு. இந்தப் படிப்புக்குப் பெரிய கருவி வேண்டும் என்று பயப்படாதீர்கள். பென்சில் கோட்டின் மேல் ஒட்டும் டேப்பை ஒட்டி எடுங்கள். அதில் வருவது கிராபைட் தாள்கள். ஒரு காகிதத்தில் தேன்கூடு வரைந்து, வேறு வேறு சாய்வில் சுருட்டி, அறுகோணங்கள் எங்கே சேர்கின்றன என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் சி பிளாக் மூன்றாம் மாடிக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் தூங்கிக்கொண்டிருப்பேன்.

பி பிளாக் ஆன்ட்டிக்கு ஒரு சேதி. அந்த மைசூர்பாகை நான் தகுதியில்லாமல் சாப்பிட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். "ஏழாவது தடவை வந்ததல்லவா, அதற்காகச் சேர்த்து வைத்துக்கொள்" என்றார். உங்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு பக்கத்து வீடு அமைந்திருப்பதற்காக மகிழ்கிறேன்.



(உரைக்குப் பின் அரை மணி நேரம் கேள்வி-பதில் நடந்தது. அதில் பேசியபடி, நான்கு கேள்விகளையும் பூச்சு நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சைக்கிள் ஷெட் கூரையை நனைத்து, முழு ஷீட்டாக இறக்கும்படி ஒப்பந்ததாரரிடம் சொல்லியாகிவிட்டது. — செயற்குழு)